வேனுக்குள் இங்கிலீஷ் மட்டும்

பள்ளிக்கூட வேனில் ஆயாம்மா வேலை என்றால் பிள்ளைகளை ஏற்றுவது, இறக்குவது, வாந்தி எடுத்தால் துடைப்பது, அவ்வளவுதான் என்று நினைத்துத்தான் நானும் சேர்ந்தேன். முதல் நாள் காலையில் டிரைவர் மாதப்பண்ணன் கண்ணாடிக்கு மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். வேனுக்குள் இங்கிலீஷில் மட்டும்தான் பேச வேண்டுமாம், தமிழ் பேசினால் ஃபைனாம். பிள்ளைகளுக்குத்தானே அண்ணா என்று கேட்டேன். "டிரைவரு ரோட்டப் பாத்தா போதும். ஆயாம்மாவுக்கும் சேத்துதான் ஒட்டியிருக்காங்க" என்றார்.

நான் படித்தது எட்டாவது வரைக்கும். வயது இருபத்தாறுதான், ஆனாலும் அந்த முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் ஆயாம்மாதான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குத் தமிழே வராது. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைக்கு ஃபீஸ் இல்லாமல் இடம் தருகிறார்கள். என் மகள் யாழினி அப்படித்தான் எல்.கே.ஜி. படிக்கிறாள். என் வேலை போனால் அவள் இடமும் போய்விடும். அதனால் வாயைத் திறந்தேன். நீங்களும் எங்கேயாவது இங்கிலீஷ் பேசிவிட்டு முறைப்பு வாங்கியிருந்தால் என் கட்சிதான், இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

முதல் மரியாதை

காரிமங்கலத்தைத் தாண்டி மாந்தோப்புகளுக்குள் போகும் வண்டி எங்களுடையது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு பிள்ளை ஏறும்போது "குட் மார்னிங் மேம்" என்றது. என்னை யாரும் அதுவரை மேம் என்று கூப்பிட்டதில்லை. பின்னால் டீச்சர் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தேன். பால் பல்லே விழாத பிள்ளைகள், ஷூ லேஸ் கட்டத் தெரியாது, மூக்குச் சிந்தத் தெரியாது. ஆனால் அந்த இங்கிலீஷ் மட்டும் பைப்பைத் திறந்த மாதிரி வருகிறது. எனக்கு உடம்பே சிலிர்த்துப்போனது.

பதிலுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. ஒவ்வொரு பிள்ளைக்கும் "குட் மார்னிங் சாமி" என்றேன். எங்கள் பக்கம் பிள்ளையை ஆசையாகக் கூப்பிட்டால் சாமிதான். ஒண்ணாம் வகுப்பு ரோஷன் மட்டும் ஏறாமல் படியிலேயே நின்று, ஸ்டிக்கரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பெரிய மனதோடு என்னிடம் சொன்னான்: "சாமி இஸ் தமிழ், ஆயாம்மா. யூ ஸே டியர். டுடே நோ ஃபைன்."

சோறு இறங்காதவர்

அந்த ரோஷனுக்கு அந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று அவன் அம்மாவைப் பார்த்ததும் தெரிந்தது. எம்.ஏ. இங்கிலீஷ் படித்தவர். பால் சொசைட்டி ஸ்டாப்பில் ஸ்கூட்டியோடு நிற்பார். நான் கதவைத் திறந்து "ஃபாஸ்ட் கம், ஃபாஸ்ட் கம்" என்றால், சோற்றில் கல்லைக் கடித்த மாதிரி அவர் முகம் சுருங்கும். முதலில் என்மேல்தான் கோபம் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் பேக்கரி போர்டு, பஸ்ஸின் பின்பக்கம், துணிக்கடைப் பை, எதைப் பார்த்தாலும் அதே முகம்.

ஒரு காதுகுத்து விசேஷத்தில் எனக்கு எதிர் வரிசையில் சாப்பிட உட்கார்ந்தார். மண்டபத்து வாசலில் ஆள் உயரத்துக்கு பேனர். எனக்கு அதில் பிள்ளையின் சிரிப்பும், தாய்மாமன்களின் மீசையும், சுற்றிலும் ரோஜாப்பூவும்தான் தெரிந்தன. அவருக்கோ அதிலிருந்த இங்கிலீஷ் வரிகள் மட்டும்தான் தெரிந்தன போலிருக்கிறது. இலையில் கறிக்குழம்பு ஆறிக்கொண்டிருக்க, அவர் பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார். படிப்பு என்றால் இப்படியல்லவா உள்ளே இறங்க வேண்டும், கறிச்சோறைக்கூட மறக்கவைக்கிறதே என்று நான் அசந்துபோனேன். கடைசியில் பரிமாற வந்தவரிடம் அவர் கெஞ்சாத குறையாகச் சொன்னார்: "அண்ணா, ரசம் அப்புறம் ஊத்துங்க. மொதல்ல அந்த பேனர அந்தப் பக்கம் திருப்பி வெக்கச் சொல்லுங்க."

படியில் இருக்கும் சுவிட்ச்

லோகேஷ் எங்கள் வேனிலேயே பொடியன். எல்.கே.ஜி., யாழினியின் கிளாஸ். அவர்கள் வீட்டில் தெலுங்கு. காலையில் அம்மாவின் இடுப்பில் இருக்கும்போது தெலுங்கில் அழுவான். அவர் இறக்கிவிட்டதும் மாதப்பண்ணனைப் பார்த்து "ஹாரன் அடிங்கண்ணா" என்று தமிழில் கேட்பான். படியில் கால் வைத்ததும் "குட் மார்னிங் மேம்." படியில் யாரோ சுவிட்ச் வைத்திருக்கிறார்கள் என்றே நான் நினைத்துக்கொள்வேன். ஒரு பாஷைக்கே திணறுகிற நான், மூன்றை மடியில் கட்டிக்கொண்டு திரிகிற அந்தப் பொடியனை தினமும் கண்கொட்டாமல் பார்ப்பேன்.

அவன் அம்மா மாந்தோப்பில் கூலிக்குப் போகிறவர். என்னை மாதிரியே அதிகம் பேசமாட்டார். ஒருநாள் பையை நீட்டும்போது கையை விடாமல் பிடித்துக்கொண்டார். டிபன் பாக்ஸைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று குனிந்தேன். "எம் பையன் வேன்ல என்னமோ பேசிக்கினே போறானாமே" என்றார், குரலைத் தாழ்த்தி. "எனக்கு ஒண்ணும் வெளங்கறதில்ல. நீ கேட்டு வெச்சிருந்து எனக்கும் கொஞ்சம் சொல்லேன்."

லெக் ஸ்லோலி

எங்கள் வேனின் படி ரொம்ப உயரம். சேர்ந்த புதிதில் லோகேஷ் ஒருநாள் அதிலிருந்து குப்புற விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டான். அன்றையிலிருந்து ஒவ்வொரு பிள்ளையையும் கையைப் பிடித்து, "லெக் ஸ்லோலி, டியர்" என்று சொல்லித்தான் இறக்குவேன். அது என்ன இங்கிலீஷோ, எனக்குத் தெரியாது. ஆனால் அதைச் சொன்னால் பிள்ளை கீழே பார்க்கும், காலை நிதானமாக வைக்கும். அதற்குப்பிறகு யாரும் விழவில்லை.

வந்த வினை என்னவென்றால், பிள்ளைகள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டார்கள். மாடிப்படியில் லெக் ஸ்லோலி. வாய்க்கால் வரப்பில் லெக் ஸ்லோலி. ரோஷன், தன் அம்மா ஸ்கூட்டியிலிருந்து இறங்கும்போது பக்கத்தில் நின்று, "லெக் ஸ்லோலி, மம்மி" என்றிருக்கிறான். அவர் வீட்டுக்குள்கூடப் போகவில்லை, வண்டியைத் திருப்பிக்கொண்டு நேராகப் பள்ளிக்கூடம் வந்துவிட்டார். ஆபீஸ் ரூம் வெளியே வராண்டாவில் நான் தண்ணீர் கேனைப் பிடித்தபடி நின்றிருந்தேன். உள்ளேயிருந்து அவர் குரல், அழுகிற மாதிரியே கேட்டது: "பொறந்ததுல இருந்து அவனுக்கு நான் பாத்துப் பாத்து கட்டுனத, உங்க வேன் ஒரே மாசத்துல இடிச்சிருச்சுங்க சார்."

கரஸ் சார் ஏறிய நாள்

எங்கள் கரஸ்பாண்டன்ட்டை எல்லாரும் கரஸ் சார் என்போம். பள்ளிக்கூடத்துக்குச் சொந்தக்காரர். அந்த வாரமே ஒரு சாயங்காலம் வேனில் ஏறி என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஏன் ஏறினார் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின் சீட்டில் யாழினி தன் புது ஐ.டி. கார்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால்தானே தப்பு வரும், ஊர் திரும்பும் வரைக்கும் திறக்கவே கூடாது என்று முடிவுபண்ணிக்கொண்டேன்.

முதல் ஸ்டாப் லோகேஷுடையது. கதவைத் திறந்தேன், கையை நீட்டினேன். படி வரைக்கும் வந்தவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். என் வாயையே பார்க்கிறான். நான் கண்ணாலேயே கெஞ்சுகிறேன். கீழேயிருந்து அவன் அம்மா, "திகு நானா" என்று தெலுங்கில் இறங்கச் சொல்கிறார். மாதப்பண்ணன், "எறங்கு ராசா" என்கிறார். நகரவில்லை. கரஸ் சார் எழுந்து வந்து குனிந்து, இங்கிலீஷில் தன்மையாக ஒரு விதமாகச் சொன்னார். அப்புறம் இன்னொரு விதமாகச் சொன்னார். அப்புறம் வேறொரு விதமாக. ஒரு படி இறங்குவதற்கு இத்தனை இங்கிலீஷ் இருக்கிறதா என்று அந்தப் பயத்திலும் எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. லோகேஷுக்கு உதடு பிதுங்க ஆரம்பித்தது. அன்றைக்குச் சந்தை நாள். பின்னால் ஆடு ஏற்றிய டெம்போக்காரர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை.

அப்போதுதான் ரோஷன் சீட்டின்மேல் ஏறி நின்று, "சார், ஸே லெக் ஸ்லோலி. தென் ஒன்லி ஹி வில் கோ" என்றான். கரஸ் சார் என்னைப் பார்த்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார். டெம்போவைப் பார்த்தார். சட்டைப் பட்டனைச் சரிசெய்துகொண்டு, கர்ப்பக்கிரகத்தில் பேசுகிற மாதிரி மெதுவாக, "லெக் ஸ்லோலி" என்றார். லோகேஷ் அசையவில்லை. "டியர்" என்று அவனே ஞாபகப்படுத்தினான். "லெக் ஸ்லோலி... டியர்" என்றார் சார். பிள்ளை கீழே பார்த்தான், காலை வைத்தான், அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொண்டான்.

அதோடு விட்டார்களா? சார் வாயால் கேட்டுத்தான் இறங்குவோம் என்று எல்லாப் பிள்ளைகளும் வரிசை கட்டிவிட்டார்கள். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அவரே எழுந்து வந்து சொன்னார். போகப்போகக் குரல் ஏறிவிட்டது, கையை நீட்டவும் ஆரம்பித்துவிட்டார். பால் சொசைட்டி ஸ்டாப்பில் கதவு திறந்தபோது ரோஷனுக்காக அவர் கொடுத்த சத்தம், பால் ஊற்ற நின்றவர்களையே திரும்பிப் பார்க்கவைத்தது. ஸ்கூட்டியருகே ரோஷன் அம்மா. அதே கல்லைக் கடித்த முகம். "சார், இதக் கேக்கறதுக்கா நான் கம்ப்ளெய்ன்ட் குடுத்தேன்?" என்றார். கரஸ் சார் கதவைச் சாத்தச் சொன்னார். கடைசிப் பிள்ளையும் இறங்கியபின், என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த யாழினியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கரகரத்த குரலில் அவர் சொன்னது இதுதான்: "நாளையில இருந்து நீயே சொல்லிரும்மா. எனக்குத் தொண்ட கட்டிக்கிச்சு."

மழை நாள்

போன மாதம் ஒரு மழையில் பால் சொசைட்டி முன்னால் ஒரே சேறு. ரோஷன் அம்மா ஹீல்ஸ் போட்டுக்கொண்டு குடையோடு வேனை நோக்கி வேகமாக வந்தார். ஒரு கால் வழுக்கியது. நான் வாயைத் திறப்பதற்குள் வேனுக்குள் அத்தனை பிள்ளைகளும் ஜன்னலில் தலை நீட்டிக் கத்தினார்கள், "லெக் ஸ்லோலி, டியர்!" என்று. அவர் அப்படியே நின்றார். கீழே பார்த்தார். ஒவ்வொரு காலாக ஊன்றி வந்து சேர்ந்தார்.

ரோஷனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டவர், என் பக்கம் திரும்பினார். முகத்தில் அந்தக் கல் இன்னும் இருந்தது, ஆனால் மெல்லாமல் ஓரமாக ஒதுக்கி வைத்திருந்தார். "இன்னமும் அத என்னால ஒத்துக்க முடியாது" என்றார். "ஆனா விழுவல."

இங்கிலீஷ் எனக்கு இன்னும் வரவில்லை, ஆனால் என் இங்கிலீஷ் இப்போது எங்கள் ரூட்டில் எல்லாருக்கும் வந்துவிட்டது.