கக்கூசு வட்டத்தில் ஒற்றைப் பொம்மை

சுட்டெடுத்து இன்னும் மெருகு பூசாத பீங்கான் பொம்மையை நாக்கில் வைத்தால் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். பிடுங்கும்போது தோலே உரிந்து வருவதுபோல் ஒரு கூச்சமும், வாய் முழுக்க உலர்ந்த மண்ணின் வாசனையும் மிஞ்சும். விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகளை ஒட்டிய தெருக்களில் வளர்ந்த எங்களுக்கு மிட்டாய்க்கு அடுத்தபடி அதுதான். மூக்கு உடைந்தது, கால் கோணியது, சூளையில் விரிசல் விட்டது என்று கம்பெனிக்காரர்கள் கழித்துப் போடும் பொம்மைகளை "ரிஜட்டு" என்போம். ரிஜட்டு இல்லாத வீடே எங்கள் தெருவில் கிடையாது. அப்படி ஒரு ரிஜட்டுக் கிளியை, அலகு இல்லாத கிளியை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தவறான இடத்தில் வைத்துவிட்டு வந்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்குப் பத்து வயது. தெருவில் இரண்டு மூன்று பேர் கையில் செல்போன் வந்துவிட்டது, கக்கூசு மட்டும் எந்த வீட்டுக்கும் வரவில்லை. பெண்கள் எல்லாரும் விடிவதற்கு முன்பே எழுந்து, சொம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, ரயில்பாதை ஓரத்துக் கருவேலம் புதருக்குக் கூட்டமாகப் போய் வந்துவிட வேண்டும். விடிந்த பிறகு வயிறு கூப்பிட்டால் மறுபடி இருட்டும்வரை அடக்கிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். இதற்குப் பயந்தே கம்பெனியில் பெண்கள் பகலில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள், சூளைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தாலும் குடிக்கமாட்டார்கள்.

என் அக்கா சுமதி அப்போது பதினொன்றாம் வகுப்பு. நன்றாகப் படிப்பாள். பாதையோரத்து மதகில் விடியற்காலையிலேயே நாலைந்து பேர் வந்து உட்கார்ந்துகொண்டு போகிற வருகிற பெண்களைப் பார்த்து எதையாவது சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அதனால் அம்மா தினமும் டார்ச்சு லைட்டோடு அக்காவுக்குப் பின்னாலேயே போய்வந்து, அப்புறம் ஓட்டமாகக் கம்பெனிக்குப் போவாள். "கக்கூசு ஒண்ணு வந்துட்டா இவளப் பன்னெண்டாவது முடிக்க வுட்டுருவேன். இல்லன்னா எத்தினி நாளைக்கு நான் பின்னாடியே நடக்கறது? ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துட வேண்டியதுதான்" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் அக்கா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கமாட்டாள். ஆனால் பக்கம் திரும்பாது. நான் கவனித்திருக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு சாரும் ஒரு மேடமும் வர ஆரம்பித்தார்கள். நல்லவர்கள்தான்; அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. நாற்காலி போட்டால் உட்காரமாட்டார்கள், எங்களோடு தரையில் உட்கார்ந்து எங்கள் வீட்டு டீயைக் குடிப்பார்கள். "மேல இருக்கறவங்க திட்டம் போட்டு உங்க தலையில கட்டுனதெல்லாம் போதும். இது உங்க தெரு, உங்களுக்கு என்ன வேணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும்" என்று சார் சொன்னபோது, அதுவரை யாரும் எங்களிடம் எதையும் கேட்டதில்லை என்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெருவுக்கு ஒரே ஒரு வேலை செய்து தருவதாகவும், அது எந்த வேலை என்பதைத் தெருவே கூடித் தீர்மானிக்க வேண்டும் என்றும் ஏற்பாடு. மாரியம்மன் கோயில் எதிரில் இருக்கிற மைதானத்தில் கலர்ப்பொடியால் ஐந்து வட்டம் போடுவார்களாம்: தண்ணீர்க்குழாய், தெருவிளக்கு, சிமெண்ட் ரோடு, சமுதாயக்கூடம், கக்கூசு. வீட்டுக்கு ஒரு பெண் ஒரு ரிஜட்டுப் பொம்மையைக் கொண்டுவந்து, வேண்டிய வட்டத்தில் வைக்க வேண்டும். ஓட்டுச் சீட்டுக்குப் பதிலாகப் பொம்மை என்பது சாருடைய யோசனை. எழுதத் தெரியாதவர்களும் கலந்துகொள்ளலாம் என்று அவருக்கு அதில் ரொம்பப் பெருமை.

சனிக்கிழமை கம்பெனியில் பெண்கள் கூடிப் பேசிவிட்டார்கள். பேச வைத்தவள் கன்னியம்மா. கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த விதவை, மண் சலிக்கிறவள், தெருக்கோடியில் தனியாக இருந்தாள். பிசைந்து வைத்த ஈர மண்ணின்மேல் ஒவ்வொருத்தியையும் கைவைக்கச் சொல்லி, "சோறு போடுற மண்ணு மேல சத்தியமா கக்கூசுலதான் வெப்போம்" என்று சொல்ல வைத்திருக்கிறாள். எங்கள் பக்கத்தில் அந்த மண்ணின்மேல் கைவைத்துச் சொன்னால் மாறமாட்டார்கள் என்பது வழக்கம். அம்மா நகக்கண்ணில் வெள்ளை மண்ணோடு வந்து அக்காவிடம் அதைச் சொன்னாள். அன்றைக்கு அக்கா எனக்குத் தலைபின்னிவிட்டாள், கேட்காமலே.

மறுநாள் கோயில் வாசலில் தெருவின் ஆண்கள் அத்தனை பேரும் முதலில் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். மாமனார்கள், மச்சாண்டார்கள், கொழுந்தனார்கள். மேடம் வற்புறுத்தியதால் பெண்கள் வந்தார்கள். வந்து பின்னால் நின்றார்கள். இப்போது யோசித்துப் பார்க்கிறேன். மாமனார் காதில் விழும்படி அந்த வார்த்தையையே உச்சரிக்காத பெண்கள், சொம்பைக்கூட முந்தானையில் மறைக்கிற பெண்கள், பட்டப்பகலில், அத்தனை ஆண்களுக்கு முன்னால், திறந்த மைதானத்தில் தனியாக நடந்துபோய் கக்கூசு வட்டத்தில் குனிந்து பொம்மையை வைக்க வேண்டும். படித்த இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை. மண்மேல் சத்தியம் செய்தவர்களுக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

முதலில் போனவள் தையல்கார வீட்டு அத்தை. கக்கூசு வட்டம்வரைக்கும் போனாள். நின்றாள். திரும்பி மாமனார் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தாள். நாலடி நகர்ந்து கூடத்து வட்டத்தில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து வந்தாள். கூடம் கட்டினால் கல்யாணத்துக்கு மண்டபம் தேடி அலைய வேண்டாம் என்று ஆண்கள் ஏற்கெனவே பேசிவைத்திருந்தது எல்லாருக்கும் தெரியும். அடுத்தவளும் அங்கேதான் வைத்தாள், அதற்கடுத்தவளும். கன்னியம்மா மட்டும் தும்பிக்கை உடைந்த யானையை எடுத்துக்கொண்டு நேராக நடந்து, கக்கூசு வட்டத்தின் நடுவில் வைத்து, எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். "யாருக்கு அவசரமோ அவங்க வெச்சிட்டாங்கப்பா" என்று ஒரு குரல். மைதானமே சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள். "கக்கூசு கன்னியம்மா" என்ற பெயர் அந்த நிமிஷத்தில்தான் பிறந்தது.

எங்கள் வீட்டுப் பொம்மை என் கையில் இருந்தது. காலையில் வயிற்றுவலி என்று அம்மா பாயில் படுத்துவிட்டாள். "நீ போயி கக்கூசு வட்டத்துல வெச்சிட்டு வாடி. வேற எங்கியும் பாக்காத" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் மேடம் எங்கள் வீட்டைக் கூப்பிட்டார். என் வகுப்புப் பையன்கள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். பயத்தில் கிளியை நாக்கில் வைத்துவிட்டேன்போல, அது ஒட்டிக்கொண்டது. பிடுங்கியதும் இன்னொரு சிரிப்பு. தனியாக நின்ற அந்த யானையைப் பார்த்தேன். கூடத்து வட்டத்தில் கிடந்த பொம்மைக் கும்பலையும் பார்த்தேன். கும்பலில் வைத்துவிட்டு ஓடிவந்தேன். வெட்கமாக இல்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது. பின்னால் எல்லாரும் கைதட்டினார்கள், சார் போட்டோ எடுத்தார்.

அம்மா பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்து கேட்டாள்: "கக்கூசுல எத்தினி இருந்துது?"

"ஒண்ணு."

"யாருது?"

"கன்னியம்மா பெரிம்மாவுது."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அக்கா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். அடி விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. "நான் போயிருந்தாலும் நீ வெச்ச எடத்துலதான் வெச்சிருப்பேன்" என்று அம்மா சுவரைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்கு வயிற்றுவலியே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னால் முடியாது என்று தெரிந்துதான் பத்து வயதுப் பிள்ளையை அனுப்பியிருக்கிறாள். அக்கா உள்ளே போய்விட்டாள். பின்னிவிட்ட சடை என் தோளில் அப்படியே இருந்தது.

பத்து நாள் கழித்து அம்மாவும் இன்னும் இரண்டு பேரும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அந்த நிறுவனத்து ஆபீசுக்கே போய், வேண்டியது கக்கூசுதான் என்று மேடத்திடம் சொன்னார்கள். மேடம் கனிவாகத்தான் பதில் சொன்னாராம். "நீங்களே கூடி எடுத்த முடிவும்மா. அதை நாங்க மாத்தினா உங்களை மதிக்காத மாதிரி ஆயிடும்." திட்டினால் திருப்பித் திட்டலாம், மரியாதை கொடுத்து வாயடைத்தால் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்புக்கு அக்கா போகவில்லை. மதகில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் ஒருநாள் டார்ச்சு வெளிச்சத்துக்குள்ளேயே வந்து நின்றிருக்கிறான். அப்பா அன்றைக்கே புத்தகப் பையை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார். பதினெட்டு முடியட்டும் என்று கல்யாணத்துக்குக் காத்திருந்தார்கள், படிப்புக்கு யாரும் காத்திருக்கவில்லை. அதற்குள் கூடமும் கட்டி முடிந்து, "மக்களே திட்டமிட்டு மக்களே உருவாக்கியது" என்று கல்லும் பதித்தாகிவிட்டது. அந்தக் கூடத்தில் நடந்த முதல் கல்யாணம் என் அக்காவுடையது. நான்கு பக்கமும் டியூப்லைட், மேடை, பந்திக்கு இடம், எல்லாம் இருந்தது. கக்கூசு இல்லை. முகூர்த்தத்துக்கு முன்னால், கருக்கலில், பட்டுச்சேலையை முழங்கால்வரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் அக்கா ரயில்பாதைக்குப் போனாள். டார்ச்சு பிடித்துக்கொண்டு காவலுக்குப் போனது கன்னியம்மா. நான் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்து வாசலில் நின்றிருந்தேன்.

இப்போது அந்தப் புதர்கள் இல்லை. பாதையை அகலப்படுத்தும்போது வெட்டிவிட்டார்கள், மதகும் போய்விட்டது. பின்னால் வந்த வேறு திட்டங்களில் வீட்டுக்கு வீடு கக்கூசு வந்துவிட்டது. மாமனார்களும் போகிறார்கள், மருமகள்களும் போகிறார்கள், அந்த வார்த்தைக்கு இன்றைக்கு யாரும் வெட்கப்படுவதில்லை. கூடத்துச் சுவர் கறுத்துக் கிடக்கிறது, கல்லில் இருக்கிற எழுத்து மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

போன மாதம் கன்னியம்மாவைப் பார்க்க வேண்டும் என்று தோன்றிப் போனேன். அந்தக் கிளியைப் பற்றி அவளிடம் ஒருநாளாவது சொல்லிவிட வேண்டும் என்று வெகுநாளாக மனசில் இருந்தது. தெருவில் வீடுகள் மாறி, அடையாளம் தெரியவில்லை. கூடத்து வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தியிடம், "கன்னியம்மா வூடு எதும்மா?" என்று கேட்டேன்.

"எந்தக் கன்னியம்மாக்கா? மூணு பேரு இருக்காங்களே."

மண் சலிக்கிற வேலை பார்த்தவங்க என்றேன். தெரியவில்லை. தெருக்கோடியில் தனியாக இருந்தவங்க, கருவேப்பிலங்குறிச்சிக்காரங்க என்றேன். உதட்டைப் பிதுக்கினாள். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பெயரைச் சொன்னேன்.

"ஓ, அவங்களா?" என்று சிரித்துவிட்டு, கையை நீட்டி வழி காட்டினாள்.