யுரேனியக் குழாய்க்கு வண்டி மை

சத்தியமாக நடந்த கதை இது. கொஞ்சம் இழுத்திருக்கிறேன், துண்டு வேட்டியாகும் அளவுக்குத்தான்.

காரிமங்கலத்து லேத்துப் பட்டறையை விட்டு, அணு உலைக்கு எரிபொருள் செய்யும் ஆலைக்கு வேலைக்குப் போனவன் அப்துல் சுபான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில், மனைவி அமீனாவைக் கூட்டிப்போக லீவில் வந்தான். வாரச்சந்தையில் எண்ணெய்க்கடை வைத்திருந்த மாமனார் ஹயாத் பாஷா, கடையில் நின்றபடியே மொரப்பூர் ரயிலே நின்று கேட்கும் குரலில் மறுத்தார்.

"வெடிக்கிற எடத்துக்கு எம்பொண்ண அனுப்ப மாட்டேன்!"

"வெடிக்காதுங்க மாமா. கொழாய்க்குள்ள யுரேனிய மாத்திரை அடுக்கறோம். முன்னெல்லாம் உலை ஒரே வேகத்துல ஓடுச்சு. இப்ப கரண்டு தேவைக்குத் தக்கன ஏத்தி எறக்கறாங்க. ஏத்தறப்ப மாத்திரை உப்பி, கொழாய அமுக்கிக் கீறிடுது. அதுக்குத்தான் உள்பக்கம் மெல்லிசா பென்சில் கரி பூசறோம்."

பாஷா இளகவில்லை. பெட்டி கட்டி நின்ற அமீனாவின் கண் தர்மபுரி ஏரியாகத் தளும்பியது. எண்ணெய் வாங்க வந்த வண்டிக்கார முனியப்பன்தான் தொடையைத் தட்டினார்.

"அட, இது நம்ம வண்டி மைதாங்க பாய்! அச்சு தேயாம இருக்க வெக்கப்புல் கரிய எண்ணெயில கொழச்சுப் பூசறோமே, அதேதான்!"

பாஷாவின் முகம் விரிந்தது. "நாப்பது வருசமா வண்டி மைக்கு எண்ணெ விக்கறவன் நான்! இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே மாப்ளே! கூட்டிட்டுப் போங்க. வெளக்கெண்ணெயிலதான கொழைக்கறீங்க?"

சுபான் வாய் திறக்குமுன் முனியப்பன் குறுக்கிட்டார். "இலுப்பெண்ணெதான் நிக்கும்."

"எங்கடையிலயே நின்னுக்கிட்டு யாருகிட்டய்யா சொல்ற?"

"எம்மாட்டக் கேளுங்க, அது சொல்லும்!"

வாரச்சந்தையே இரண்டாகப் பிரிந்து கத்த, சண்டைக்குத் தயாராக முதல் துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது.