ஏலக்காய் ஜீப்பின் பதினாறு இடுப்புகள்

வலிக்கிற இடத்தை அழுத்தி "வலிக்குதா?" என்று கேட்டு, திட்டு வாங்கிச் சம்பாதிப்பதுதான் பிசியோதெரபிஸ்ட் தொழில். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த கையோடு, கேரள மலையடிவாரத்து ஊரான தேவாரத்தில் கிளினிக் திறந்தேன். முதுகு வலிக்காரர்களே, கூன் போடாமல் உட்கார்ந்து படியுங்கள்.

குனியாதே!

பொன்னுத்தாயி தினமும் கேரள மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போகிறவர். இடுப்பிலிருந்து இடது கால் வரை சுரீரென்று இழுக்கிறது என்று வந்தார். பிளாஸ்டிக் முதுகெலும்பைக் காட்டினேன். "எலும்புக்கு எலும்பு நடுவுல மெத்தை மாதிரி இருக்கே, இதான் டிஸ்க். குனியக் குனியப் பின்னால பிதுங்கி நரம்பை அழுத்துது. அதனால குனியாதீங்க."

"ஏலக்கா செடிக்கு அடியில, தரையோட தரையாக் காய்க்குது டாக்டரம்மா. உச்சியில காய்க்கச் சொல்லுங்க, நிமிந்தே பறிக்கிறேன்."

புதுக்கருக்கு அழியாத பட்டை

இடுப்புப் பட்டை கொடுத்தேன். பத்து நாள் கழித்து, மடிப்புக் கலையாமல் பையிலிருந்து எடுத்தார். எனக்கு வந்ததே கோபம்! "வலி உங்களுக்கா, எனக்கா?" என்று கத்திவிட்டேன்.

"எங்கள வேலைக்குக் கூட்டிட்டுப் போற கங்காணியம்மா பாத்தாகன்னா, முடியாதவள எஸ்டேட்டுல எடுக்க மாட்டாகன்னு மறுநாள் ஜீப்புல ஏத்த மாட்டாக. புருசன் இல்லாத எனக்கு வேற பொழப்பு ஏது?"

நான் எழுதிய சீட்டு

விசாரித்தால், பறிப்பதைவிடப் பயணம் மோசம். ஜீப்பின் பின்பலகையில் பதினைந்து பெண்கள் நெருக்கியடித்து, முதுகை வளைத்து, மலைப்பாதை முழுக்கக் குலுங்கிப் போகிறார்கள். முன் சீட்டு கங்காணியம்மாவுக்கு. பெரிய அறிவாளி மாதிரி, 'பொன்னுத்தாயிக்கு முதுகில் டிஸ்க் கோளாறு, முன் சீட்டு தரவும்' என்று எழுதி, பொன்னுத்தாயியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஜீப் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் ஜீப் அவர் வீட்டில் நிற்கவே இல்லை. அழுதுகொண்டே வந்தார்.

"நல்லது செய்யறேன்னு என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீகளே!"

ஒத்தைக் காலில்

எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் ஜீப் கிளினிக் வாசலில் நின்றது. கங்காணியம்மா இறங்கினார், பின்னாலேயே பெண்கள் அத்தனை பேரும். கடைசியாகப் பொன்னுத்தாயி! "அவ இல்லாம ஏற மாட்டோம்னு காலையில ஒத்தக் கால்ல நின்னுட்டாளுக" என்ற கங்காணியம்மா, தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஆளுக்கொரு பட்டை குடுங்க, எனக்கும் சேத்து. எல்லா இடுப்புலயும் பட்டை இருந்தா, எஸ்டேட்டுல யார நிறுத்துவாக?"

பதினாறு பேரும் பட்டை கட்டினார்கள். சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்தார்களா என்று மட்டும் கேட்காதீர்கள், நீங்களும்தான் செய்வதில்லை.