ஜீரோ வாட் சூரியன்

என் மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது, வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பள்ளி அறிவியல் கண்காட்சியில் செய்து காட்டுவதாகப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். எரிமலை செய்யலாமே என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. முந்தின வருடம் மாறுவேடப் போட்டியில் மேடையேறி, ஒரு வார்த்தை பேசாமல் அழுதுகொண்டே இறங்கியவள். இந்தத் தடவையும் அப்படி ஆனால் இனி எதற்கும் பெயர் கொடுக்கமாட்டாள் என்பதுதான் என் பயம்.

நான் பி.எஸ்ஸி. இயற்பியல். ஆனால் எங்கள் பாடத்தில் இது கிடையாது. கல்பாக்கம் அணுசக்தி ஊழியர்கள் குடியிருக்கும் எங்கள் அணுபுரத்தின் நூலகத்திலிருந்து பத்திரிகைகளைக் கொண்டுவந்து படித்தேன். நட்சத்திரத்தின் பிரகாசத்தில் பக்கத்திலிருக்கும் கோள் கண்ணுக்குத் தெரியாது. அது குறுக்கே போகும்போது வெளிச்சம் துளி குறையும், அதை அளக்கிறார்கள். இன்னொரு வழி, கோள் இழுப்பதால் நட்சத்திரமும் லேசாக ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்க்கிறார்கள். இதைப் புரியவைக்க, கூடத்தில் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு தட்டாமாலை சுற்றினேன். சரியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேனா என்று மறுபடியும் பத்திரிகையைப் புரட்டினேன்.

மாடலுக்கு எடுத்துக்கொண்டது முதல் வழியை. டிவி வந்த அட்டைப்பெட்டிக்குள் அறுபது வாட் பல்பு, அதுதான் நட்சத்திரம். நூலில் தொங்கும் எலுமிச்சம்பழம் கோள். எதிரே பேட்டரி இல்லாத சோலார் கால்குலேட்டர். பழம் குறுக்கே வந்தால் எண்கள் மங்கும், விலகினால் தெளியும். ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் பார்த்துவிட்டு, பரவாயில்லையே என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

கண்காட்சியன்று காலை எனக்குக் கவலை வந்துவிட்டது. பல்பு சூடேறுமே, குழந்தை கை பட்டுவிட்டால்? அதைக் கழற்றிவிட்டு, படுக்கையறையின் நீல ஜீரோ வாட் பல்பை மாட்டினேன். எரிந்தால் சரிதானே என்று நினைத்தேன். போட்டுப் பார்க்க நேரமில்லை.

பெற்றோர் மாடல் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதால் நான் வாசலோரம் நின்றேன். மகள் ஸ்விட்சைப் போட்டாள். கால்குலேட்டரில் ஓர் எண்கூட இல்லை. பள்ளி ஆயாம்மா எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இன்னாமா, ஜீரோ வாட் பல்ப மாட்டிகினு சூரியன்றீங்க? எலுமிச்சம்பழம் வேற. திஷ்டி கழிக்கப் போறீங்களா?"

ஸ்டோர் ரூமில் நல்ல பல்பு இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குள் நடுவர் வந்துவிட்டார், கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் விஞ்ஞானி. மகள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது. அந்தத் துடிப்பு எனக்குத் தெரியும். ஒரு பயத்தைத் தவிர்க்கப் போய் இன்னொன்றை நானே கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

அவள் நேராக என்னிடம் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"அம்மா, தட்டாமாலை."

"இங்கயா? புடவையில இருக்கேன்டி."

"வாம்மா."

பக்கத்து மாடல்காரப் பிள்ளைகள் இருவரை, அவர்களுடைய சார்ட்டைத் தன் உயரத்துக்குத் திரைபோலப் பிடிக்கச் சொன்னாள். அதன் பின்னால் நானும் அவளும் சுற்ற ஆரம்பித்தோம். வெளியே தெரிந்தது நான் மட்டும்தான். என் செருப்பு ஒன்று கழன்று போயிற்று.

"நான்தான் கோள். நான் தெரியமாட்டேன்," என்றது சார்ட்டின் பின்னாலிருந்து குரல். "எங்கம்மாவ மட்டும் பாருங்க மேடம். கிட்ட வராங்க, தூரப் போறாங்க. யாரோ இழுக்கறாங்கன்னு தெரியுதா?"

நடுவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவ்வளவு தூரத்து நட்சத்திரம் ஆடுவது எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"வெளிச்சத்துல தெரியும். கிட்ட வந்தா கொஞ்சம் நீலத்துப் பக்கம் நகரும், தூரப் போனா சிவப்புப் பக்கம்."

தோசை ஊற்றிக்கொண்டே நான் ஒரே ஒரு தடவை சொன்னது அது. மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கு இது எதற்கு என்று பாதியில் நிறுத்தியதாகத்தான் எனக்கு ஞாபகம்.

முதல் பரிசு எரிமலைக்குப் போனது. ஆனால் அதற்கு முன்பே, நடுவர் நகர்ந்ததும் நான் தலை சுற்றி பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஆயாம்மா நூறு வாட் பல்போடு வந்தார். மாட்டியதும் கால்குலேட்டர் ஒழுங்காக வேலை செய்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஆனால் அடுத்த கூட்டம் வந்ததும் மகள் பெட்டியைத் தொடவேயில்லை. "மொதல்ல எங்கம்மாவப் பாருங்க," என்று என் கையைப் பிடித்து இழுத்தாள்.