தயாளன் ஏற ஒரு சரிவு

ஜெகதீஸ்வரிக்குப் பிறை நகரிலுள்ள ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. மயிரிழை பிசகினாலும் பொருளை ஒதுக்கிவைத்துவிடுவாள். “இவகிட்ட பேரு வாங்குறதுக்குள்ள நமக்கு நரை தட்டிடும்” என்று உடன் வேலை செய்பவர்கள் முகத்துக்கு நேரே சொல்வார்கள். சிரித்துக்கொண்டே அடுத்ததை எடுப்பாள்.

லோரி ஓட்டிய அவள் கணவன் தயாளனுக்குச் சர்க்கரை நோயால் ஒரு கால் போனது. சக்கர நாற்காலி வந்தது. ஆயர் ஈத்தாமில் இருந்த அவர்கள் வீட்டு வாசலிலோ உயரமான படிகள். வெளியே போவதென்றால் அண்டை வீட்டார் வந்து தூக்க வேண்டும்.

“ஆளாளுக்குத் தூக்கிட்டுப் போக நான் என்ன உற்சவ மூர்த்தியா?” என்றவன், தெருமுனைத் தேநீர்க் கடைக்குக்கூடப் போவதை நிறுத்திவிட்டான். யார் கையும் படாமல் அவன் போய் வர வேண்டும். ஜெகதீஸ்வரி அதிலேயே குறியாக இருந்தாள்.

பக்கத்து வீட்டு ருக்குமணி சொல்லி, டத்தோ கிராமாட் பகுதியிலிருந்து பழனியப்பன் வந்தார். வீடுகளுக்குக் கான்கிரீட் வேலை செய்பவர். மாலை அவள் வேலை முடிந்து வருவதற்குள், நாற்காலி ஏறச் சரிவுப் பாதை போடுவதற்காகப் படியை ஒட்டிப் பலகை அடித்துக் கம்பி வலையும் விரித்துவிட்டார். மறுநாள் கான்கிரீட் கொட்ட வேண்டியதுதான் பாக்கி. சரிவு குட்டையாக, செங்குத்தாக இருந்தது.

“இதுல ஏற முடியாதுண்ணே.”

“என்னம்மா இப்படிச் சொல்றே? இந்தத் தாமான் குடியிருப்புல பாதி வீட்டுக்கு நாந்தான் போட்டேன். மோட்டார் சைக்கிள் சும்மா பறக்கும்லா!”

“எங்க வீட்டுக்காரருக்கு எஞ்சின் இல்லண்ணே.”

“நீட்டிப் போட்டா காடி நிறுத்த இடம் இருக்காதும்மா.” வாசலில் நின்ற காரைக் காட்டினார் பழனியப்பன்.

“காடி வெயில்ல காயும் ஈஸ்வரி,” உள்ளேயிருந்து தயாளன் குரல் கொடுத்தான். “விடு.”

“காயட்டும்.”

மீந்த பலகைகளை அவள் அதே சாய்வில் படிமீது சாய்த்தாள். உள்ளே போய்த் தயாளனைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு, நாற்காலியைக் கொண்டுவந்து கீழே வைத்தாள்.

“உக்காருங்கண்ணே. கையாலயே உருட்டி ஏறுங்க. நான் பின்னால நிக்கிறேன்.”

பழனியப்பன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். பாதி ஏறுவதற்குள் முன்சக்கரங்கள் மேலே தூக்கிக்கொண்டன. நாற்காலி மல்லாக்கச் சாய, அவள் தாங்கிப் பிடித்தாள்.

“ஐயோ, கொன்னுடாதம்மா!”

மதில்மேல் எட்டிப் பார்த்த ருக்குமணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பழனியப்பன் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு சுத்தியலை எடுத்து, அடித்த ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார்.

புதுச் சரிவு சுவரோரமாக நீண்டு, வாயிற்கதவருகே வளைந்து இறங்கியது. வளைவில் மூச்சு வாங்கச் சமதளம் வைத்தார்கள். வழுக்காமலிருக்க, ஈரத்திலேயே துடைப்பத்தால் கோடு இழுத்தார் பழனியப்பன். கான்கிரீட் நன்றாக இறுகும்வரை அவள் ஈரச்சாக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். யாரையும் மிதிக்க விடவில்லை. கார் தெருவுக்குப் போனது.

ஒரு ஞாயிறு காலை தயாளன் தானாகவே இறங்கிக் கடைக்குப் போனான். திரும்பியபோது மடியில், பிளாஸ்டிக் பையில் கட்டிய பொட்டலத் தேநீர். முதல் ஏற்றத்திலேயே அவன் கழுத்து நரம்பு புடைத்தது. ருக்குமணி ஓடிவந்து நாற்காலியைப் பிடித்தாள்.

“அக்கா, கைய எடுங்க,” என்றாள் வாசலில் நின்ற ஜெகதீஸ்வரி.

“பாவம், திணறுறாருடி!”

“திணறட்டும். எடுங்க.”

ருக்குமணி விலகினாள். தயாளன் வளைவில் நின்று மூச்சு வாங்கினான். உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி சக்கரத்தைப் பிடித்தான். ஜெகதீஸ்வரி கதவை அகலத் திறந்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றாள்.