சினை இறால் தின்றவர்கள்

போன வாரம் குவாலா சிலாங்கூரில் என் மகன் சாப்பாடு வாங்கிக் கொடுத்தான். ஊடாங் காலா என்று தட்டில் வந்த ஆற்று இறால் என் சுட்டுவிரல் நீளம்கூட இல்லை. "குளத்துல வளத்தது ஆண்ட்டி, ஆத்துல ஏது இப்ப?" என்றாள் பரிமாறிய பெண். எனக்கு வந்த கோபத்தில் பாதி அவள்மேல் போனது, பாவம். மீதியை இங்கே கொட்டுகிறேன், கேளுங்கள்.

மஞ்சளும் பூண்டுமாக வெந்த அந்த வாசனை என்னைப் பத்தாங் பெர்ஜுந்தாயில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டு லயத்துக்கு இழுத்துப் போய்விட்டது. அப்போது எஸ்டேட்டில் மருந்தடிக்கும் வேலை எனக்கு, வயிற்றில் மூத்தவன். எங்கள் லயத்தில் ஒரு வழக்கம். மாசமாக இருப்பவளுக்குச் சினை இறால்தான் ஆக்கிப்போட வேண்டும், அடிவயிற்றில் ஆரஞ்சு முட்டை அப்பிக்கொண்டிருக்கும் பெட்டை. தின்றால் பிள்ளை நல்லபடி பிறக்குமாம். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ! நீலக் கொடுக்கோடு முழங்கை நீளத்துக்கு வரும் ஆண் இறாலைக்கூட அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பெட்டையாகப் பார்த்து வாளியை நிரப்புவார் என் வீட்டுக்காரர். லயத்தில் எப்போதும் யாராவது ஒருத்தி மாசமாகத்தானே இருப்பாள்?

ஆற்றோரக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, டின் என்றொருவன் வருவான். எங்கள் வயதுதான். தூண்டிலில் இறால் பிடித்து விற்றே பிழைத்த மலாய்க்காரன். தமிழ் எங்களைவிட நன்றாகப் பேசுவான். "அண்ணே, முட்டை உள்ளத விட்டுடுங்க லா. அது ஆறு கடல்ல சேர்ற குவாலாவுக்கு எறங்கி உப்புத்தண்ணியில குஞ்சு விட்டாத்தான் மறுபடி ஆத்துக்கு வரும். அதத் தின்னுட்டா நான் எதப் புடிச்சுப் பொழைக்கிறது?"

"ஆத்துல இல்லாத இறாலா, போடா" என்று இவர் சிரித்தார். நானும் சிரித்தேன், வாயில் முட்டையோடு.

மூன்றாவது பிள்ளை பிறப்பதற்குள் தூண்டிலில் சிக்குவது குறைந்துபோனது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கள் லயத்து ஆண்கள் பூச்சிமருந்தை ஆற்றில் ஊற்றினார்கள். மயங்கிய இறால் கரையேற, பிள்ளை குட்டியோடு பொறுக்கினோம். ஸ்டோரிலிருந்து அந்த மருந்தைத் தூக்குச்சட்டியில் மறைத்துக் கொண்டுவந்தது யார் தெரியுமா? நான்தான். நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது. ஆலைக்காரன் ஆற்றைக் கெடுத்தான், மணல் எடுத்தவன் கெடுத்தான் என்று கோயில் கூட்டத்தில் இன்று முழங்குகிறோமே, அவர்களுக்கெல்லாம் முன்னால் தாய்களை வழித்துத் தின்றவர்கள் நாங்கள்.

டின் தன் சம்பான் படகை விற்றுவிட்டு புக்கிட் பெருந்துங்கில் ஆலைக் காவலுக்குப் போனான். போன வருஷம் சந்தையில் பார்த்தேன். "தப்புப் பண்ணிட்டோம் டின்" என்றேன்.

திட்டட்டும் என்றுதான் நின்றேன். அவன் திட்டவில்லை. "நான் சினைய ஒருநாளும் தின்னதில்லக்கா. ருசியா இருக்குமா?" என்று கேட்டான்.

"இருந்துச்சு" என்றேன். ஒன்றைப் பிடித்து அவனுக்கு ஆக்கிக் கொடுக்கலாமென்றால், ஆற்றில் வெறும் தண்ணீர்தான் ஓடுகிறது.