தாய்மாமன் முறை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடல் இரைச்சல் சமையலறைவரை வரும் அக்கா வீடு. என் மகள் கருவாட்டுக் குழம்புச் சோற்றின் மேல் இன்னும் உப்பைத் தூவிக்கொண்டிருந்தாள். நாக்கின் குற்றமில்லை. சிறுநீரகத்தின் மேல் குந்தியிருக்கும் சுரப்பியை அவள் உடம்பே அரித்துவிட்டது, உப்பு தங்குவதில்லை. அதற்கும் முன்னால் கழுத்துச் சுரப்பி போனது. அப்போதெல்லாம் சுண்ணாம்புச்சத்து இறங்கி விரல்கள் இழுத்துக்கொண்டு மடங்கும்.

நெஞ்சுக்குள் தைமஸ் என்று ஓர் இடம் இருக்கிறதாம். காவல் அணுக்களுக்கு அங்கேதான் பாடம்: இது நம்முடையது, இதில் கை வைக்காதே. பாடத்தைக் காட்டும் மரபணு அவளிடம் இரண்டு பிரதியிலும் பழுது. காவலுக்கு நின்றவையே கல்லெறிகின்றன, சொந்த உறுப்புகளைத் தேடிப்போய்த் தாக்கும் ஆன்டிபாடிகள் ரத்தத்தில் திரிகின்றன. பழுதான பிரதியில் ஒன்று நான் கொடுத்தது. மற்றது என் மனைவி கொடுத்தது. என் மனைவி என் அக்காவின் மகள்.

அந்த அக்காதான் அன்று தன் கடைசி மகனுக்கு என் மகளைக் கேட்டாள். முறைதான். அன்பால்தான் கேட்டாள், அதுதான் எரிச்சல். வெளியில் கொடுத்தால் மாத்திரை டப்பாவைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

சொன்னேன். அவனிடமும் அதே பழுது ஒன்று இருக்கலாம், பிறக்கும் பிள்ளை இப்படியே வரலாம், முதலில் ரத்தத்தைச் சோதிக்கட்டும். பெண் கேட்பாள் என்று தெரிந்து, ஊரப்பாக்கத்திலிருந்து வழியெல்லாம் வாய்க்குள் அடுக்கிக்கொண்டு வந்த சொற்கள். எழுதுகிறவன் நான். ஒன்றுகூட உள்ளே போகவில்லை.

"எம்புள்ளைக்கு இன்னா கொறன்னு ரத்தம் எடுக்கச் சொல்ற? நீ எம்பொண்ண கட்டிக்கல? அப்ப இனிச்சுது, இப்ப கசக்குதா?"

மகள் உடம்புக்குத் தன்னுடையது எதுவென்று தெரியவில்லை. எங்களுக்கோ தன்னுடையதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அக்காவின் அந்தக் கடைசி மகன், என் மைத்துனன், தலை நிமிராமல் காலித் தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான்.

மகள் உப்பு ஜாடியை மூடினாள்.

"மாமா நல்லவருதான் ஆயா. டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு வந்தாலும் வேணாம். எல்லாரும் என்னத் தாங்கிக்கினே கீறீங்க. எனக்கு மூச்சு முட்டுது."

அக்கா எழுந்துபோய்ப் பாத்திரங்களை உருட்டினாள். நாங்கள் கிளம்பும்போது முகம் பாராமல் மகள் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். உப்பில் ஊறிய மாங்காய். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை பேருந்தில் அதைக் கடித்துக்கொண்டே வந்தாள் மகள். இப்போதும் மாதாமாதம் அவளுக்கு மாங்காய் வருகிறது. நான் கூப்பிட்டால் மட்டும் அக்கா போனை எடுப்பதில்லை.